படக்குறிப்பை விடுங்கள், பெயின்ட்டைப் பாருங்கள்: பழைய பிரிட்டிஷ் விமானப் படங்களைப் படிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போர் கால பிரிட்டிஷ் விமானப் படங்களுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. "1940, பிரிட்டன் வான்போர்" என்று தேடிப் பாருங்கள், ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். சிக்கல் என்னவென்றால், அவற்றில் நிறையப் படங்கள் 1940-இல் எடுத்தவையே அல்ல. ஒன்று 1942-ஆக இருக்கும், இன்னொன்று 1944. சில படங்கள் போர் முடிந்து பல வருஷம் கழித்து எடுத்தவை. வான்காட்சிக்காகப் பழைய விமானத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்துப் பறக்கவிட்டபோது யாரோ கிளிக் செய்தவை.

இந்தக் குழப்பத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். போர்க்காலத்தில் அரசுப் பணியில் இருந்த புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களின் காப்புரிமை 50 ஆண்டுகளோடு முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் உண்டு. பிரிட்டனில் எடுத்த விமானப்படைப் படங்கள் 'சிஎச்' வரிசை. நார்மண்டியில் படைகள் இறங்கியபின் ஐரோப்பாவில் எடுத்தவை 'சிஎல்'. அரிதான வண்ணப் படங்கள் 'டிஆர்'. படம் கைமாறிக் கைமாறி வரும்போது முதலில் உதிர்வது இந்த எண்தான். எண் போனால் தேதி போச்சு, இடம் போச்சு. அப்புறம் யாரோ தனக்குத் தோன்றியதைக் குறிப்பாக எழுதிவிடுகிறார், அடுத்தவர் அதையே நகலெடுக்கிறார்.

நல்லவேளையாக, தேதி படத்துக்கு வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை அழகுக்காக எதையும் பூசவில்லை. இறக்கையின் நிறம், வட்டச் சின்னத்தின் வளையம், வாலுக்கு முன்னால் ஒரு பட்டை என்று எல்லாமே ஓர் உத்தரவின் பேரில் வந்தவை. ஒவ்வோர் உத்தரவுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு காரணமும் உண்டு. பெரும்பாலும் அந்தக் காரணம் ஒன்றுதான்: நம் ஆளே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது.

இது வெறும் பயம் இல்லை. பிரிட்டன் போர் அறிவித்தது 1939 செப்டம்பர் 3. மூன்றே நாளில், செப்டம்பர் 6 காலையில், எதிரி வருகிறான் என்று தவறான எச்சரிக்கை. நார்த் வீல்டு தளத்திலிருந்து 56-ஆம் ஸ்குவாட்ரனின் (அதாவது விமானப் படைப்பிரிவின்) ஹரிகேன் விமானங்கள் கிளம்பின. அவற்றையே எதிரி என்று நினைத்து, ஹார்ன்சர்ச் தளத்திலிருந்து வந்த 74-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்கள் பாய்ந்தன. இரண்டு ஹரிகேன்கள் விழுந்தன. ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர்விமான ஓட்டி அவர்தான். கொன்றது ஜெர்மானியர் இல்லை. ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் சுட்டு வீழ்த்தியதும் பிரிட்டிஷ் விமானத்தைத்தான். பார்க்கிங் கிரீக் சண்டை என்று இதற்குக் கசப்பான கேலிப்பெயரும் வந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு படங்களைப் பார்த்தால் பல விஷயம் புரியும். 1939, 40 காலத்துப் போர்விமானத்தைக் கீழிருந்து எடுத்த படத்தில் ஒரு பக்க இறக்கை கறுப்பாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும் இருக்கும். தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கண்காணிப்பாளர் "நம்ம விமானம்" என்று சட்டென்று அறிவதற்கான ஏற்பாடு அது. 1940 ஜூனில் அதைக் கைவிட்டு, அடிப்பாகம் முழுவதற்கும் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சைப் பூச்சைக் கொண்டுவந்தார்கள்.

அந்த வெளிர்பச்சைக்கு ஒரு கிளைக்கதை உண்டு. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர், 1939-இல் லாக்ஹீட் பயணிகள் விமானத்தில் கேமராவை ஒளித்துவைத்து, வியாபாரி போல ஜெர்மனிக்குப் பறந்து பறந்து படம் எடுத்தவர். ஹெஸ்டன் விமானநிலையத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் விமானம் வெளிர்பச்சையில் மேலேறிச் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியாமல் போனதைப் பார்த்துத்தான் இந்த நிறம் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். காட்டன் தன் கதைகளைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லும் ஆள். ஆனாலும் அவர் தன் உளவு விமானங்களுக்குப் பூசிய நிறமே பிறகு 'ஸ்கை' ஆனது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

இனி வட்டச் சின்னம், அதாவது ரவுண்டல். வெளியே நீலம், நடுவில் வெள்ளை, உள்ளே சிவப்புப் புள்ளி. 1938-இல் ம்யூனிக் நெருக்கடியின்போது, போர் வந்துவிடும் என்ற பதற்றத்தில், தூரத்திலிருந்து கண்ணில் அடிக்கும் வெள்ளையை எடுத்துவிட்டு நீலத்தையும் சிவப்பையும் மட்டும் விட்டார்கள். அது மறைந்துகொள்ள நல்லது, அடையாளம் காணக் கெட்டது. போர் தொடங்கிய சில மாதங்களில் வெள்ளை திரும்பி வந்தது. 1940 மே மாதம் விமானத்தின் பக்கவாட்டுச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் சேர்ந்தது. வாலிலும் மூவண்ணப் பட்டை ஏறியது. 1942 நடுவில் வெள்ளை, மஞ்சள் இரண்டையும் மெல்லிய கோடாக இளைக்கவைத்தார்கள். 1947-இல் பளிச்சென்ற மூவண்ணம் மறுபடியும். மறைய வேண்டுமா, தெரிய வேண்டுமா என்று விமானப்படைக்குள் நடந்த இழுபறி மொத்தமும் இந்த ஒரு சின்னத்தில் இருக்கிறது.

பிரிட்டன் வான்போர் என்று அதிகாரபூர்வமாகச் சொல்வது 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை. ஸ்பிட்ஃபயரின் வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி ஓடும் வெளிர்ப் பட்டையும், விசிறியின் நுனிக்குமிழில் அதே வெளிர்நிறமும் வந்தது நவம்பர் இறுதியில். ஆகவே பக்கவாட்டில் எடுத்த படத்தில் அந்தப் பட்டை தெரிந்தால், கீழே யார் என்ன எழுதியிருந்தாலும் அது வான்போர்ப் படம் இல்லை. இந்த ஒரு சோதனையே இணையத்துப் பொய்க்குறிப்புகளில் பலவற்றைக் களைந்துவிடும். விசிறியில் நான்கு இலைகள் இருந்தால் பெரும்பாலும் 1942-க்குப் பிறகு. விமானியின் தலைக்குமேல் நீர்க்குமிழி போன்ற கண்ணாடிக்கூடு இருந்தால் 1944-க்குப் பிறகு. இறக்கையிலிருந்து நீண்ட பீரங்கிக்குழல் நீட்டிக்கொண்டிருந்தால் 1941 என்று தொடங்கலாம். ஆனால் 19-ஆம் ஸ்குவாட்ரன் மட்டும் 1940 கோடையிலேயே பீரங்கி வைத்த ஸ்பிட்ஃபயர்களைக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துத் திண்டாடியது. எல்லா விதிக்கும் இப்படி ஒன்று இருக்கும்.

சரி, இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தால்தானே? இங்கேதான் ஃபிலிம் குறுக்கே வருகிறது.

அந்தக் காலத்துக் கறுப்புவெள்ளை ஃபிலிம் இரண்டு வகை. ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற பழைய வகைக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டு விழும், நீலம் வெளுத்துவிடும். நம் வீடுகளில் உள்ள மிகப் பழைய கல்யாணப் படங்களில் குங்குமம் மைப்பொட்டு போல இருக்கிறதே, அதே சங்கதிதான். பான்குரோமேட்டிக் என்ற பிந்தைய வகை எல்லா நிறத்தையும் ஓரளவு கண்பார்வைக்கு ஏற்றபடி பதியும். போர்க்காலத்தில் இரண்டு வகையும் புழக்கத்தில் இருந்தன.

இதன் விளைவு விமானப் படங்களில் விபரீதமாக இருக்கும். ஆர்த்தோ ஃபிலிமில் எடுத்த ரவுண்டலில் நடுப்புள்ளி கரேலென்று இருக்கும், நீல வளையம் ஏறக்குறைய வெளிர்சாம்பலாக இருக்கும். வெளியே சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் உருமறைப்புப் பூச்சோடு கலந்து காணாமல் போய்விடும். மஞ்சள் வளையம் இல்லை, ஆகவே 1940 மே மாதத்துக்கு முந்தைய படம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம். பயிற்சி விமானங்களின் அடிப்பாகம் பளிச்சென்ற மஞ்சள். ஆர்த்தோ படத்தில் அது இரவுக் குண்டுவீச்சு விமானத்தின் கறுப்பு மாதிரியே இருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது ரவுண்டலின் நடுப்புள்ளியும் வெளி நீலமும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கின்றன என்பதைத்தான். நடுப்புள்ளி கறுத்து நீலம் வெளுத்திருந்தால் ஆர்த்தோ; மற்ற நிறங்களை அதற்கேற்பக் கழித்துப் படிக்க வேண்டும். கறுப்புவெள்ளைப் படத்துக்குக் கணினியில் வண்ணம் ஏற்றுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். சாம்பலின் அடர்த்தியை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு எந்த ஃபிலிம் என்று தெரியாது. மஞ்சள் விமானத்தைப் பழுப்பாக்கிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

அடுத்தது எழுத்துகள். விமானத்தின் பக்கவாட்டில், ரவுண்டலுக்கு ஒருபுறம் இரண்டு எழுத்து, மறுபுறம் ஓர் எழுத்து இருக்கும். இரண்டெழுத்து ஸ்குவாட்ரனுடையது, ஓரெழுத்து அந்த விமானத்துடையது. 1943 மே மாதம் ஜெர்மன் அணைகளைத் தகர்க்கப் போன 617-ஆம் ஸ்குவாட்ரனின் எழுத்து 'ஏஜே'. அதன் தளபதி கை கிப்சன் ஓட்டிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 'ஏஜே-ஜி'. போர் தொடங்கியபோது எதிரியைக் குழப்புவதற்காக ஏற்கெனவே இருந்த எழுத்துகளை மாற்றி ஒதுக்கினார்கள். அதனால் எந்த எழுத்து எந்த ஸ்குவாட்ரன் என்பது தேதியைப் பொறுத்தது.

ஆனால் விமானத்தின் உண்மையான ஜாதகம் வாலருகே சின்னதாக எழுதியிருக்கும் வரிசை எண். 1936 மார்ச் 5 அன்று ஈஸ்ட்லியில் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயரின் எண் 'கே5054'. பிறகு எல், என், பி, ஆர் என்று ஓர் எழுத்தும் நான்கு இலக்கமுமாகப் போய், இசட் தீர்ந்ததும் 1940-இல் இரண்டெழுத்தும் மூன்று இலக்கமும் வந்தன. 1952-இல் பறந்த வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் முன்மாதிரி 'விஎக்ஸ்770'. விமானம் கைமாறினால் ஸ்குவாட்ரன் எழுத்து மாறும், இந்த எண் மாறாது. எத்தனை விமானம் செய்கிறோம் என்று எதிரி எண்ணிவிடக் கூடாதென்று நடுநடுவே எண்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்பதால், எண்ணைக் கூட்டிக் கழித்து உற்பத்திக் கணக்குப் போட முடியாது. கொடுமை என்னவென்றால், 1940 நவம்பரில் வந்த அந்த வெளிர்ப் பட்டை பல விமானங்களில் இந்த எண்ணின் மேலேயே போய் உட்கார்ந்து அதை மறைத்துவிட்டது.

பட்டை மறைக்காததைத் தணிக்கை மறைத்தது. பத்திரிகைக்குப் போகும் ஒவ்வொரு படமும் தகவல் அமைச்சகத்தின் தணிக்கையைத் தாண்ட வேண்டும். ஸ்குவாட்ரன் எழுத்தையும் வரிசை எண்ணையும் நெகட்டிவிலோ பிரிண்ட்டிலோ சுரண்டியோ மையிட்டோ அழித்தார்கள். போர்க்காலப் பத்திரிகையில் வந்த பியூஃபைட்டர் இரவுப் போர்விமானத்தின் மூக்கைக் கவனித்தால் ஒரு சின்ன மழுங்கல் தெரியும். அங்கே அம்புமுனை போன்ற ரேடார் ஏரியல் இருந்தது. ரேடார் என்ற ஒன்று இருப்பதே ரகசியம் என்பதால் தூரிகையால் துடைத்துவிட்டார்கள். இன்றைக்கு அருங்காட்சியகத்தில் மூல நெகட்டிவ் இருந்தால் ஏரியல் தெளிவாகத் தெரிகிறது. பத்திரிகைக்குப் போன பிரிண்ட்டை ஸ்கேன் செய்தால் வெறும் மூக்கு. இரண்டையும் பார்க்காதவர் "ஏரியல் பொருத்தாத ஆரம்ப கால வகை" என்று எழுதிவிடுவார். என்னைக் கேட்டால், தணிக்கை பட்ட பிரிண்ட்டுகள்தான் அதிக சுவாரசியமானவை. எதை மறைத்தார்கள் என்று பார்த்தால், அந்த மாதத்தில் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

நெகட்டிவைத் தலைகீழாக, அதாவது இடவலம் மாற்றிப் பிரிண்ட் போடுவதும் அடிக்கடி நடந்திருக்கிறது. எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்தைத் தணிக்கை அழித்துவிட்டால்? ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சின்னக் கதவு இடப்பக்கம் மட்டும்தான். முதல் வகை ஸ்பிட்ஃபயரின் அடியில் பெரிய ரேடியேட்டர் வலது இறக்கையிலும், ஒல்லியான எண்ணெய்க் குளிர்ப்பான் இடது இறக்கையிலும் இருக்கும். இவை மாறித் தெரிந்தால் படத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

1944-க்கு வந்தால் வேலை இன்னும் சுலபம். நார்மண்டித் தாக்குதலுக்கு முன்னால், ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே வானத்தில் பறக்கப்போகின்றன, கீழே கப்பல்களில் இருக்கும் பீரங்கிக்காரர்கள் எதைக் கண்டாலும் சுடுவார்கள் என்பதால், இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என ஐந்து பட்டை அடிக்க உத்தரவு. ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு ஒரு பட்டை 18 அங்குல அகலம், இரட்டை இன்ஜினுக்கு 24. ரகசியம் கசியக்கூடாதென்று ஜூன் 3, 4 தேதிகளில்தான் அடிக்கச் சொன்னார்கள். கையில் கிடைத்த தூரிகையால் ராவோடு ராவாக அடித்தார்கள். அதனால் அசல் படங்களில் பட்டையின் விளிம்பு கோணலாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். அளவுகோல் வைத்தாற்போல் நேர்த்தியாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஜூலையில் மேற்புறப் பட்டைகளை அழிக்கச் சொன்னார்கள், அடிப்புறத்தில் மட்டும் விட்டார்கள். மேலேயும் கீழேயும் முழுப் பட்டை என்றால் கிட்டத்தட்ட ஐந்து வாரத்துக்குள் எடுத்த படம். இவ்வளவு குறுகலான தேதியை வேறெந்த அடையாளமும் தருவதில்லை.

தேதி சரியாக இருந்தாலும் படம் முழு உண்மையைச் சொல்லிவிடாது. 610-ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது ஸ்பிட்ஃபயர்கள் மூன்று மூன்றாக நெருங்கி, 'வி' வடிவில் பறக்கும் படம் மிகப் பிரபலம். 1940 ஜூலை 24 அன்று எடுத்தது, அருங்காட்சியக எண் சிஎச் 740. பார்க்க அற்புதம். ஆனால் சண்டைக்கு அந்த வடிவம் ஆகாதது. பக்கத்தில் இருக்கும் இருவரும் தலைவன்மீது மோதிவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே கண்ணாக இருப்பார்கள், எதிரியைத் தேட நேரம் இருக்காது. ஜெர்மானியர் அதை முட்டாள் வரிசை என்றே அழைத்தார்கள். அனுபவப்பட்ட ஸ்குவாட்ரன்கள் அடிவாங்கியபின் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டன. சண்டைக்கு நடுவே நின்று நிதானமாகப் படம் எடுக்க யாராலும் முடியாது என்பதால், நம் கைக்கு வந்த அழகான படங்கள் அநேகமாக எல்லாமே ஏற்பாடு செய்து பறந்தபோது எடுத்தவை. அதில் மன்னர் சார்லஸ் ஈ. பிரவுன். பக்கத்து விமானத்தில் உட்கார்ந்துகொண்டு, மேகத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து எடுப்பவர். அவருடைய நெகட்டிவ்கள் இப்போது பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் விமானம் என்றதும் வெண்மேகத்தின் மேல் சாய்ந்து பறக்கும் ஒன்று நம் மனதில் வருகிறதென்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அழகே இல்லாத படங்கள்தான் போரின் போக்கை மாற்றின. குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் எஃப்.24 என்ற கேமரா இருக்கும், ஐந்துக்கு ஐந்து அங்குல நெகட்டிவ். குண்டைப் போடும்போது ஒளிக்குண்டு ஒன்றும் விழுந்து வெடிக்கும். அந்த வெளிச்சத்தில் கீழே எந்த இடம் என்று கேமரா பதிந்துகொள்ளும். 1941 கோடையில் இப்படி வந்த 600-க்கும் மேற்பட்ட படங்களை பட் என்ற அரசு அதிகாரி உட்கார்ந்து ஆராய்ந்தார். இலக்கைத் தாக்கினோம் என்று விமானிகள் சொன்னவற்றில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் விழுந்திருந்தது. புகைமண்டலம் சூழ்ந்த ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. விமானிகள் பொய் சொல்லவில்லை, இருட்டில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வழிகாட்டும் ரேடியோக் கருவிகளுக்கும், முன்னே போய் இலக்கைக் குறிவைத்துத் தரும் விமானங்களுக்கும் மரியாதை வந்தது.

உளவுப் படங்களைப் படிக்க மெட்மனம் என்ற ஊரில் ஒரு மாளிகை. ஒன்றோடொன்று மேற்படியும் இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தால் கட்டடங்கள் எழுந்து நிற்கும். கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண் அதிகாரி 1943 இறுதியில் பெனமுண்டே என்ற ஜெர்மன் ஆயுதச் சோதனைத் தளத்தின் படத்தில் ஓடுதளச் சரிவின்மேல் நின்ற ஒரு குட்டி விமானத்தைக் கண்டுபிடித்தார். லண்டன்மீது பிறகு விழுந்த வி-1 பறக்கும் குண்டு அதுதான்.

தேடுகிறதுதான் கண்ணில் படும் என்பதற்கும் இதே கோப்புகளில் சாட்சி உண்டு. 1944 ஏப்ரல் 4 அன்று நேசநாட்டு மாஸ்கிட்டோ விமானம் ஒன்று ஆஷ்விட்ஸ் அருகே இருந்த ரசாயனத் தொழிற்சாலையைப் படம் எடுத்தது. கேமரா ஓடிக்கொண்டே இருந்ததால் வதைமுகாமும் ஃபிலிமில் விழுந்தது. படித்தவர்கள் தொழிற்சாலையின் உற்பத்தியைக் கணக்கெடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். அந்த வட்டாரத்து உளவுப் படங்களை இரண்டு அமெரிக்க உளவுத்துறை ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்து, முகாம் என்று அடையாளம் சொல்லி வெளியிட்டது 1979-இல்.

நம் பக்கத்து வானத்தில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களை அடையாளம் காண்பது சுலபம். ஜப்பானியச் சின்னம் சிவப்பு வட்டம். ரவுண்டலின் நடுவே இருக்கும் சிவப்பைத் தூரத்திலிருந்து பார்த்து ஜப்பான் விமானம் என்று சுட்டுவிடக் கூடாதென்று, இந்தியா, இலங்கை, பர்மா பகுதி விமானங்களிலிருந்து சிவப்பையே நீக்கினார்கள். கருநீலமும் இளநீலமுமாக, அளவில் சிறியதாக ஒரு சின்னம். அந்தச் சின்னத்தோடு கடல்விமானம் ஒன்று ஏரியில் மிதந்தால் அது செங்குன்றம் ஏரியாகவும் இருக்கலாம், காலிக்குப் பக்கத்துக் கொக்கலையாகவும் இருக்கலாம். இரண்டிலும் விமானப்படைக்குக் கடல்விமானத் தளம் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பல் பெயரே வைக்கும். தாம்பரம் தளம் எச்எம்எஸ் வல்லூறு, சூலூர் எச்எம்எஸ் வைரி, கோயம்புத்தூர் விமானப் பழுதுபார்ப்புப் பட்டறை எச்எம்எஸ் கருடா. ஆவணத்தில் இந்தப் பெயரைப் பார்த்துக் கப்பலைத் தேடிக் கடலுக்குப் போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

பயணிகள் விமானப் படங்களில் இன்னொரு வகைக் குழப்பம்: எது ராணுவம், எது சிவில் என்றே சொல்ல முடியாது. 1940-இல் இயங்கத் தொடங்கிய பிரிட்டிஷ் அரசு விமான நிறுவனமான பிஓஏசியின் விமானங்கள் போர்க்காலத்தில் உருமறைப்புப் பூச்சோடு பறந்தன. 'ஜி' என்று தொடங்கும் பெரிய பதிவெழுத்தும், அதன்கீழ் சிவப்பு வெள்ளை நீலக் கோடும்தான் சிவில் என்பதற்கு அடையாளம். அது காப்பாற்றியதா என்றால், எப்போதும் இல்லை. 1943 ஜூன் 1 அன்று லிஸ்பனிலிருந்து வந்த ஜி-ஏஜிபிபி பயணிகள் விமானத்தை பிஸ்கே விரிகுடா மேல் ஜெர்மானியர் சுட்டு வீழ்த்தினார்கள். நடிகர் லெஸ்லி ஹோவர்ட் உட்பட 17 பேரும் இறந்தார்கள்.

இதைவிட விசித்திரம் ஸ்டாக்ஹோம் தடம். ஸ்வீடன் நடுநிலை நாடு, பிரிட்டனுக்கு அங்கிருந்து எந்திரங்களுக்கான பால் பேரிங் வேண்டும். ராணுவ விமானம் அங்கே இறங்க முடியாது. ஆகவே மாஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானத்துக்குச் சிவில் பதிவெழுத்து எழுதி, பிஓஏசி ஊழியர்களை ஓட்டவைத்தார்கள். பயணி வந்தால் இடம் குண்டு வைக்கும் அறையில்தான்; மெத்தை விரித்து, ஆக்சிஜன் குழாயைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 1943 அக்டோபரில் அப்படி வந்தவர் இயற்பியலாளர் நீல்ஸ் போர். தலைக்கவசம் அவர் தலைக்குப் பொருந்தவில்லை, ஆக்சிஜனைத் திறக்கச் சொன்னது காதில் விழவில்லை. மயங்கிவிட்டார். விமானி விஷயத்தை ஊகித்துத் தாழப் பறந்ததால் பிழைத்தார். இந்த மாஸ்கிட்டோக்களின் படத்தைப் போர்விமானக் கோப்பில் போடுவதா, பயணிகள் விமானக் கோப்பில் போடுவதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

போர் முடிந்ததும் பயணிகள் விமானம் என்று பெரிதாக எதுவும் கையில் இல்லை. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு மூக்கை அடைத்து, சன்னல் வைத்து, லங்காஸ்ட்ரியன் என்று பெயரிட்டு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பயணிகள் பக்கவாட்டில் பார்த்தபடி உட்கார வேண்டும், அதுவும் ஒன்பது பேர்தான். அதே சமயம் பிரிஸ்டல் நிறுவனம் பிரபாசன் என்ற ராட்சத விமானத்தைக் கட்டியது. இறக்கை 230 அடி, பின்னாளில் வந்த ஜம்போ ஜெட்டைவிட அகலம். பயணிகள் நூறு பேர். ஃபில்டன் ஓடுதளத்தை நீட்டுவதற்காக சார்ல்டன் என்ற கிராமத்தையே இடித்தார்கள். 1949 செப்டம்பரில் பறந்தது, வாங்க ஆளில்லை, 1953-இல் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். ஒரே ஒரு விமானம்தான் பறந்தது என்பதால், படத்தில் எங்கே பார்த்தாலும் அதே பிரபாசன்தான்.

காமெட் வேறு கதை. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் கிளம்பியது, விமானம் ஜி-ஏஎல்ஒய்பி. ஆகஸ்டில் கொழும்புக்கும் காமெட் வரத் தொடங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2, கல்கத்தா அருகே ஒரு காமெட் விழுந்தது. புயலின்மேல் பழியைப் போட்டார்கள். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஜி-ஏஎல்ஒய்பியே விழுந்தது, ஏப்ரலில் நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று. கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் மரச்சட்டத்தின்மேல் அடுக்கிய படமும், முழுக் காமெட் ஒன்றைத் தொட்டிக்குள் வைத்து இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படமும் விமான வரலாற்றின் முக்கியமான படங்கள். தொட்டியில் நீரை ஏற்றி இறக்கி, பறக்கும்போது உடல் உப்பிச் சுருங்குவதை மறுபடி மறுபடி நடத்தினார்கள். நிஜமாகப் பறந்ததும் தொட்டியில் நடந்ததும் சேர்ந்து 3,057 சுற்றில் உலோகம் கிழிந்தது.

"சதுரச் சன்னலால் விழுந்தது" என்று எல்லாப் படத்தின் கீழும் எழுதியிருக்கும். அது பாதி சரி. தொட்டியில் வைத்த விமானம் சன்னல் மூலையருகே கிழிந்தது உண்மை. கடலில் கிடைத்த ஜி-ஏஎல்ஒய்பியின் துண்டில் விரிசல் தொடங்கியது பயணி எட்டிப்பார்க்கும் சன்னலில் அல்ல, கூரையில் திசைகாட்டி ஏரியலுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். பழைய படங்களைத் தரம்பிரிக்கச் சன்னல் உதவும் என்பது வேறு விஷயம்: நாற்கட்டச் சன்னல் என்றால் முதல் வகைக் காமெட், வட்டமாக இருந்தால் திருத்தியமைத்த பிந்தைய வகை. அந்தத் திருத்திய காமெட் 4 அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளைக் கொண்டுபோகத் தொடங்கியது 1958 அக்டோபரில்.

ராணுவப் பக்கத்தில் ஐம்பதுகளின் படங்களில் விமானங்கள் திடீரென்று வெள்ளை உடுத்துகின்றன. வேலியன்ட், வல்கன், விக்டர் மூன்றும் அணுகுண்டு சுமக்கக் கட்டியவை. தான் போட்ட குண்டின் வெளிச்சமும் வெப்பமும் தன்னையே பொசுக்கிவிடாமல் இருக்க உடல் முழுக்க வெள்ளைப் பூச்சு. அடர்நிறம் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால் ரவுண்டலைக்கூட வெளிறிய இளஞ்சிவப்பும் இளநீலமுமாக மாற்றினார்கள். 1960 மே மாதம் உயரத்தில் பறந்த அமெரிக்க யு-2 விமானத்தைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. இனி உயரம் பாதுகாப்பில்லை, தரையை ஒட்டிப் பறக்க வேண்டும் என்று ஆனபின், அறுபதுகளின் நடுவில் மேற்புறம் பச்சையும் சாம்பலுமாக மாறி, அடிப்புறம் மட்டும் வெள்ளையாக நின்றது. முழு வெள்ளை வல்கன் என்றால் அதற்கு முந்தைய படம். எழுபதுகளில் தாழப் பறக்கும் விமானங்களின் ரவுண்டலில் வெள்ளை வளையத்தை எடுத்துவிட்டு, 1938-இல் செய்தது போலவே சிவப்பும் நீலமும் மட்டும் வைத்தார்கள். ஆகவே அந்தச் சின்னத்தை மட்டும் நம்பி ஆண்டு சொன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் தவறிப்போகும். வாலருகே உள்ள எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்.